செம்பு வயிற்றில் இருக்கு, மூளைக்குப் போகலை: மென்கெஸ் நோய்

(திரையில்: நாகர்கோவிலில் ஒரு வீட்டுத் திண்ணை. ஆச்சி மடியில் மூன்று மாத ஆண் குழந்தை.)

இவன் தலைமுடியைக் கொஞ்சம் பாருங்க. வெளுத்து, குட்டையா, தொட்டா சொரசொரன்னு இருக்கு. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒவ்வொரு இழையும் முறுக்கேறி இருக்கும். "பெறந்தப்போ நல்லாத்தானே இருந்தான், இப்போ கழுத்து நிக்கலையே" என்கிறார் ஆச்சி.

இது மென்கெஸ் நோய். 1962-இல் ஜான் மென்கெஸ் என்ற மருத்துவர் விவரித்தார். காரணம் செம்புக் குறைபாடு என்று 1972-இல் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவின் டேவிட் டேங்ஸ். செம்புச்சத்து கிடைக்காத செம்மறி ஆடுகளின் ரோமம் இப்படித்தான் கெட்டுப்போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு கூர்மையான கண்!

"செம்புக் குடத்துத் தண்ணி கொடுத்தா போதாதா?" போதாது. சாப்பாட்டில் குறை இல்லை. ஏடிபி7ஏ என்ற மரபணு பழுதானதால், குடல் செல்லுக்குள் வந்த செம்பு ரத்தத்துக்குப் போகாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. குளச்சலில் மீன் இறங்கியாச்சு, ஏற்றிப்போக வண்டிதான் இல்லை.

(திரையில்: நரம்பு செல்லின் உட்பக்கம்.)

டோபமைன், நார்எபிநெஃப்ரின் இரண்டும் நரம்புகள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் ரசாயனங்கள். மூளையில் டோபமைனை நார்எபிநெஃப்ரினாக மாற்றும் நொதி, டோபமைன் பீட்டா ஹைட்ராக்சிலேஸ். செம்பு இல்லாமல் அதற்கு வேலை ஓடாது. டோபமைன் தேங்குகிறது, நார்எபிநெஃப்ரின் குறைகிறது. ரத்த அழுத்தமும் விழிப்பும் இந்த நார்எபிநெஃப்ரினை நம்பித்தான் இருக்கு. செல்லுக்குச் சக்தி தரும் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸுக்கும் செம்பு வேண்டும். அதுவும் தளர்ந்தால் வளரும் மூளை தாங்காது.

வலிப்பு பெரும்பாலும் 2, 3 மாதத்தில் வரும். அதற்குள் நிறைய சேதம் நடந்துவிடும். பிறந்த முதல் வாரங்களில் ரத்தச் செம்பு அளவை மட்டும் நம்ப முடியாது. நல்லா இருக்கும் குழந்தைக்கும் அப்போது குறைவுதான். ஆனால் ரத்தத்தில் டோபமைனுக்கும் நார்எபிநெஃப்ரினுக்கும் உள்ள விகிதம் அப்போதே காட்டிக்கொடுக்கும். மரபணுப் பரிசோதனை உறுதி செய்யும். குடலைத் தாண்டி உடம்புக்குள் நேரடியாகச் செம்பைச் செலுத்தும் செம்பு ஹிஸ்டிடினேட் ஊசியை முதல் மாதத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலனுக்கு வாய்ப்பு. அப்போதும் எல்லாருக்கும் ஒரே பலன் கிடைக்காது. மரபணு கொஞ்சமாவது வேலை செய்யும் குழந்தைக்குக் கூடுதலாக உதவும்.

இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கு. அதனால் தாய்வழியில் வந்து, பெரும்பாலும் ஆண் குழந்தைகளைப் பாதிக்கும். குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் வரலாம். தாயைக் குறை சொல்ல இதில் எதுவுமே இல்லை.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கூடப்பிறந்தவனோ தாய்மாமனோ கைக்குழந்தையிலேயே வலிப்பு வந்து இறந்திருந்தால், வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கத் தயங்குவாங்க. நீங்கள் தயங்காதீங்க. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, மார்த்தாண்டத்தில் ஒரு கிளினிக்கோ, எங்கே காட்டினாலும் பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.