வேலூரில் செய்த பி.பி. மெஷின் கடைக்கு வர என்ன வேண்டும்?

[திரையில்: காட்பாடியில் ஒரு சின்ன லேப். மேசையில் டிஜிட்டல் பி.பி. மெஷின்.]

வணக்கம். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் மருத்துவக் கருவி செய்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கான வீடியோ இது. மெஷின் ஓடுகிறது, டாக்டரும் பாராட்டிவிட்டார். நாளைக்கே விற்கலாமா? கூடாது. பி.பி. மெஷின் செய்து விற்க லைசென்ஸ் கட்டாயம்.

[திரையில்: ஏ, பி, சி, டி.]

2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள், ஆபத்தைப் பொறுத்து கருவிகளை நான்கு வகுப்பாகப் பிரிக்கின்றன. வீட்டில் கையில் கட்டிப் பார்க்கும் பி.பி. மெஷின் பி வகுப்பு. சட்டென்று உயிருக்கு ஆபத்து வரக்கூடிய ஐ.சி.யூ. நோயாளியைக் கண்காணிக்க என்று எழுதினால், அது சி வகுப்புக்குப் போய்விடும். ஆகவே 'இது யாருக்கு, எதற்கு' என்ற அந்த ஒரு வரியை முதலில் எழுதுங்கள். விளம்பரம் மாதிரி எழுதாதீர்கள். பி என்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை லைசென்ஸ் தரும். கட்டணம் தொழிற்கூடத்துக்கு 5,000 ரூபாய், ஒவ்வொரு கருவிக்கும் 500 ரூபாய். சி என்றால் சி.டி.எஸ்.சி.ஓ. என்ற மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு தரும். கட்டணம் 50,000, கருவிக்கு 1,000.

[திரையில்: ஆஸ்பத்திரி வராண்டா. நர்ஸ் ஒருவர் கையில் கஃப் (காற்று நிரம்பும் பட்டை) கட்டுகிறார்.]

இப்போது சோதனை. நம் ஊரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, பொறியியல் கல்லூரி இருக்கிறது. பத்து மெஷின் செய்து வார்டில் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றும். பொறுங்கள். சோதனைக்காகச் செய்வதற்கே தனி லைசென்ஸ் வேண்டும். எம்.டி.-12 படிவத்தில் கேட்டால் எம்.டி.-13 கிடைக்கும். பி வகுப்பாக இருந்தாலும் இதைத் தருவது மத்திய அமைப்புதான்; பலர் தடுமாறும் இடம் இது. நோயாளிகளிடம் சோதிக்க நெறிமுறைக் குழுவின் (எத்திக்ஸ் கமிட்டி) அனுமதியும் அவர்களின் எழுத்துபூர்வ சம்மதமும் வேண்டும்.

பி.பி. மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க ஐ.எஸ்.ஓ. 81060-2 என்ற தரநிலை உண்டு. குறைந்தது 85 பேர். அதில் ஆண்களும் பெண்களும் தலா 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஒல்லிக் கை, பருத்த கை எல்லாம் வர வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கும் சரியான அளவீட்டுக்கும் நம் மெஷின் காட்டுவதற்கும் சராசரி வித்தியாசம் 5 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டக் கூடாது. கல்லூரி நண்பர்களை மட்டும் வைத்து அளந்துவிட்டு 'துல்லியம்' என்று சொல்வது சரியில்லை. அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஒரு பாட்டிக்கு மாத்திரையைக் கூட்டுவார்கள்.

[திரையில்: கோப்புகள், ஆடிட் குழு.]

அப்புறம் ஆவணங்கள். தொழிற்கூடத்துக்கு ஒரு மாஸ்டர் ஃபைல் (முழு விவரமும் அடங்கிய கோப்பு), கருவிக்கு ஒன்று, ஆபத்து மதிப்பீடு, மின்பாதுகாப்புச் சோதனை அறிக்கை, தர மேலாண்மைப் பதிவுகள். எல்லாம் சேர்த்து எம்.டி.-3 படிவத்தில் ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஆடிட் அமைப்பு நேரில் வந்து பார்க்கும். அவர்கள் பார்ப்பது கட்டடத்தின் அழகை அல்ல. கெட்டுப்போன ஒரு சென்சாரை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எங்கே எழுதி வைத்தீர்கள் என்பதை. அன்றாடம் எழுதும் பழக்கம் இருந்தால் பயமில்லை.

லைசென்ஸ் எம்.டி.-5 படிவத்தில் வரும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் கட்டினால் தொடரும். ஆனால் கஃப்பின் பொருளையோ தயாரிப்பு முறையையோ மாற்ற நினைத்தால், முன் அனுமதி வாங்கிய பிறகுதான் மாற்ற வேண்டும்.