நாற்றங்காலுக்கு ஆஜர் போட்டவள்

நேயர்களுக்கு வணக்கம். ‘பள்ளிக்கூட டீச்சராக இருந்து விவசாய வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர் நீங்கள், அந்தக் கதையைச் சொல்லுங்கள், பதினைந்து நிமிடம்’ என்று கூப்பிட்டார்கள். சரி என்று வந்துவிட்டேன். எனக்கு எண்பது வயது. வாய் ஓயாதவள் என்று வீட்டில் பெயர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பி உட்கார்ந்திருக்கிறார், நேரமானால் கையைக் காட்டுவாராம். பார்ப்போம்.

கையோடு ஒரு நோட்டு கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் கண்ணுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு. இடது பக்கம் பெயர் எழுத இடம், அதை அடுத்து 31 கட்டங்கள். தாள் பழுப்பேறி, ஓரமெல்லாம் பூச்சி அரித்துக் கிடக்கிறது. இதில் ஒரு பள்ளிப் பிள்ளையின் பெயர்கூடக் கிடையாது. முதல் பெயர் ‘நாற்றங்கால்’, அது நெல் நாற்று விடுகிற பாத்தி. இரண்டாவது பெயர் ‘செவலை’, அது எங்கள் வீட்டுப் பசு. எப்படி இந்தப் பெயர்கள் வந்தன என்று சொல்லிவிட்டால் என் கதையில் பாதி முடிந்துவிடும்.

1961-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். இரண்டு வருடம் டீச்சர் டிரெயினிங். 1963-ல், 18 வயதில், மன்னார்குடிப் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர், நானும் தலைமை ஆசிரியரும். ஒரே கூடம். ஒன்றாம் வகுப்பு மணலில் ‘அ’னா எழுதிக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே நாலாம் வகுப்பு பதினாறாம் வாய்ப்பாடு கத்தும். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் கரும்பலகைக்குச் சாயம். பிள்ளைகள் ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் கொண்டுவந்து இடித்துச் சாறு எடுத்துத் தேய்ப்பார்கள். திங்கட்கிழமை காலையில் பலகை கன்னங்கரேலென்று இருக்கும், கூடவே ஒரு வாடை. அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

மதிய உணவு அப்போதே உண்டு. காமராஜர் காலத்தில், 1956-ல் எட்டயபுரத்தில் ஆரம்பித்த திட்டம். அமெரிக்காவிலிருந்து ‘கேர்’ என்று எழுதிய பெட்டியில் பால்பவுடர் வரும், மக்காச்சோள மாவு வரும். பால்பவுடரைக் கரைப்பது ஒரு கலை. அவசரப்பட்டால் கட்டி கட்டியாகிவிடும். பிள்ளைகளுக்கோ அந்தக் கட்டிதான் பிடிக்கும், வாயில் அடக்கிக்கொள்வார்கள்.

நான் சொல்ல வந்தது பதிவேடு. காலையில் பெயர் கூப்பிட்டால், ‘உள்ளேன் டீச்சர்’. வந்தவர்களுக்கு ஒரு சாய்கோடு, வராதவர்களுக்கு ஒரு ‘ஏ’. முதல் வருடம் முடிந்து அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஆடி மாதம் வரிசையாக ‘ஏ’. என்னவென்றால், நடவு. அம்மா வயலுக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பெண் வீட்டில் நிற்க வேண்டும். தை மாதம் பையன்களுக்கு ‘ஏ’, அறுத்த வயலில் உதிர்ந்த கதிர் பொறுக்கப் போய்விடுவார்கள். நான் நெசவுத் தொழில் செய்கிற குடும்பத்தில், டவுனில் வளர்ந்தவள். நெல் எந்த மாதத்தில் நடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு விவசாயம் சொல்லிக்கொடுத்தது அந்த ‘ஏ’க்கள்தான். பிறகு தங்கச்சிகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டேன். கூடத்தின் மூலையில் நாலு குழந்தைகள் தவழும். இன்ஸ்பெக்டர் வருகிற நாள் மட்டும் பயம்.

1966 வைகாசியில் கல்யாணம். பாமணியாற்றுப் பாசனத்தில் ஒரு வேலிக்குக் கொஞ்சம் குறைவாக நிலம் உள்ள வீடு. இளைய நேயர்களுக்காகச் சொல்கிறேன், 3 மா சுமார் ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி. மாமனார், மாமியார், மச்சாண்டார் குடும்பம், இரண்டு நாத்தனார்கள், எல்லாரும் ஒரே அடுப்பு. என் பள்ளிக்கூடம் அங்கிருந்து 14 மைல். பஸ் ஒன்றே ஒன்று, அதுவும் ஆற்றுக்கு அந்தப் பக்கம். பக்கத்து ஊருக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை, இப்போது எதற்கு அது. இரண்டு மாதம் காத்திருந்தேன், பதில் இல்லை. ஒரு முழுத்தாளில் ராஜினாமா எழுதிக்கொடுத்தேன். மனுவுக்குப் பதில் வந்தது அடுத்த வருடம். ‘தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.’ அதையும் இந்த நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

கடைசி வருடத்தில் எங்கள் பள்ளிக்குப் பதிவேடு வந்து சேரத் தாமதமானதால், என் காசில் ஒன்று வாங்கினேன். ஒரு வாரத்தில் அலுவலகப் பதிவேடு வந்துவிட்டது. நான் வாங்கியது வெற்று நோட்டாகவே தங்கிவிட்டது. டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். அதுதான் இது.

புகுந்த வீட்டில் எனக்கு ஒன்றும் தெரியாது. கோழி கூவுமுன் எழுந்து சாணி தெளிக்க வேண்டும், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், நடவு நாளில் இருபது பேருக்குப் பத்து மணிக் கஞ்சி கொண்டுபோக வேண்டும். கஞ்சிப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நடக்கத் தெரியாமல் முதல் நாளே சேற்றில் விழுந்தேன். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் குலவை போட்டுச் சிரித்தார்கள். ‘டீச்சரம்மா பாஸாயிட்டாங்க’ என்று ஒருத்தி சொன்னாள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வேலையை விட்டாலும் கடைசிவரை டீச்சரம்மாதான்.

இப்போது ரேடியோ நெல் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையையும் விட்டு இறங்குவதில்லை, வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் ரேடியோவில் சொல்வது இதுதான் முதல் தடவை.

ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் ஏ.டி.டி. 27 என்று ஒரு நெல் கொண்டுவந்தார்கள். ஜப்பான் ரகத்தோடு நம் ரகத்தைச் சேர்த்து உண்டாக்கியது, குறுவை என்கிற குறுகிய காலப் பட்டத்துக்கு ஏற்றது, 105 நாளில் அறுத்துவிடலாம். திருச்சி வானொலியில் 1966 வாக்கில் பண்ணைச் செய்திகளுக்கென்று தனியாக ஒரு பிரிவு தொடங்கி, அந்த நெல்லைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். விதை எவ்வளவு, உரம் எவ்வளவு, எப்போது நட வேண்டும் என்று எல்லாம். கேட்டுக் கேட்டு, தஞ்சாவூர் ஜில்லாவில் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயராகிவிட்டது.

எங்கள் வீட்டில் ரேடியோ இல்லை. பஞ்சாயத்து ரேடியோவுக்கு ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். ஆண்கள் அதன் கீழே உட்கார்ந்து கேட்பார்கள். நாங்கள் அங்கே போய் உட்கார முடியாது. ஆனால் காற்று இந்தப் பக்கம் அடித்தால் எங்கள் கொல்லையில் நன்றாகக் கேட்கும். சாயங்காலம் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்பேன், உள்ளே போய் எழுதி வைப்பேன். டிரெயினிங்கில் வந்த பழக்கம்.

1967 குறுவைக்கு மாமனாரும் அந்த விதையை வாங்கினார். ஆற்றில் தண்ணீர் வந்தது. விதையை ஊறப்போட்டு, மூட்டம் போட்டு, முளை கட்டித் தெளித்தாயிற்று. அன்றைக்கு ராத்திரி பெட்டியைத் திறந்து இந்தப் பதிவேட்டை எடுத்தேன். பெயர் என்ற இடத்தில் ‘நாற்றங்கால்’ என்று எழுதி, முதல் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்டால், காலையில் ஆஜர் எடுக்காமல் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அவ்வளவுதான். தினமும் ஒரு கோடு.

ஒருநாள் கொல்லையில் நிற்கும்போது ஸ்பீக்கரில் வந்தது. குறுகிய கால நெல்லுக்கு நாற்று மூன்று வாரத்தில் பறித்துவிட வேண்டும், மாதத்துக்கு ஒரு வாரம் என்று கணக்கு. மூன்றரை மாத நெல் என்றால் மூன்று, மூன்றரை வாரம். நாற்று முற்றிவிட்டால் நட்ட இடத்தில் தூர் கட்டாது, சின்னதிலேயே கதிர் வந்துவிடும் என்று சொன்னார்கள். ஓடிப்போய் எண்ணிப் பார்த்தேன். 20 கோடு.

எங்கள் ஊரில், நீண்ட கால நெல்லான சம்பாவின் நாற்றுக்கு நாற்பது நாள் விடுகிற பழக்கம். மாமனாரும் அதே கணக்கில்தான் இருந்தார். நேரே பேச முடியாது, மாமியார் வழியாகச் சொன்னேன். ‘ரேடியோக்காரன் வந்து நாத்து பறிச்சுக் கொடுப்பானாமா?’ என்று பதில் வந்தது. ‘விதைச்சு இப்பத்தானே பத்துப் பதினைஞ்சு நாள் ஆச்சு’ என்றும் சொன்னார். அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. பதிவேட்டைக் கொண்டுபோய்த் திண்ணையில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். கதவிடுக்கில் பார்த்தேன். விரலை வைத்து ஒவ்வொரு கோடாக எண்ணினார். ஒருமுறை எண்ணி முடித்துவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் எண்ணினார். ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் நாற்றுப் பறிக்க ஆள் வந்துவிட்டது.

ஆனால் ஆள் போதவில்லை. 3 மா மட்டும் 23-ஆம் நாளில் நட்டோம். மீதி நாற்று அப்படியே நின்று, 34-ஆம் நாளில்தான் பக்கத்து வயலில் நட முடிந்தது. அதே விதை, அதே நாற்றங்கால், அதே தண்ணீர். ஆராய்ச்சி நிலையத்தில் செய்கிற சோதனை எங்கள் வயலில் தானாக நடந்துவிட்டது. முதல் வயல் கிளைத்துப் பாய் விரித்த மாதிரி நின்றது. இரண்டாவது வயலில் பயிர் முழங்கால் உயரம்கூட வரவில்லை, அதற்குள் கதிர் எட்டிப்பார்த்தது. களத்தில் அளந்தபோது முதல் வயலில் மாவுக்கு 16 கலம், இரண்டாவதில் 10. கலம் என்பது நெல் அளக்கிற பழைய அளவு. அதையும் எழுதி வைத்தேன். இதோ, இந்தப் பக்கத்தில் இருக்கிறது, மை கொஞ்சம் பரவிவிட்டது. அறுப்பு மழையில் மாட்டிக்கொண்டது, அந்த ஈரம். வீடு முழுக்க நெல்லைப் பரப்பியிருந்தோம், நடையில் கால்வைக்க இடமில்லை. சோறு எப்படி என்றால், மாமியாருக்குப் பிடிக்கவில்லை, ஆறினால் விறைக்கிறது என்றார். எனக்கும்தான் பிடிக்கவில்லை, இப்போது சொல்லலாம்.

அடுத்த வருடத்திலிருந்து மாமனார் வாசலில் நின்று, ‘ஆத்தா, எத்தினி நாளாச்சு?’ என்று கேட்பார். நாற்றங்காலுக்கு, சினை மாட்டுக்கு, அடைக்கு வைத்த கோழிக்கு, உரம் போட்டதற்கு, எல்லாவற்றுக்கும் ஒரு வரி, 31 கட்டம். எழுதி வைத்ததால் ஒரு சண்டையும் வந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் நெல் அளக்கிற மரக்கால் இரண்டு இருந்தன. பார்க்க ஒரே மாதிரி. கூலி அளக்க ஒன்று, வரவேண்டிய நெல்லை அளந்து வாங்க ஒன்று. நானும் அது ஏதோ சாங்கியம் என்று நினைத்தேன். ஒருநாள் எழுதின கணக்கு இடித்தது. நெல் சேர்த்துவைக்கிற பத்தாயத்தில் போட்டது இவ்வளவு, கூலி போனது இவ்வளவு, மீதி கூடுதலாக நிற்கிறது. முத்திரை போட்ட படி ஒன்று வாங்கி, யாரும் இல்லாத மத்தியானத்தில் இரண்டு மரக்காலிலும் நெல்லை அளந்து பார்த்தேன். கூலி மரக்கால் அரைப்படிக்கு மேல் குறைந்தது. எனக்குக் கஞ்சிப்பானை தூக்கக் கற்றுக்கொடுத்த பெண்களுக்கு இந்த மரக்காலில்தான் அளந்துகொண்டிருந்திருக்கிறோம். நானும் என் கையால் அளந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நல்லவர்தான், ஆனால் ‘எல்லா வீட்டிலும் உள்ளதுதானே’ என்றார். மூன்று நாள் பேசாமல் இருந்தேன். அப்புறம் அந்தச் சின்ன மரக்கால் அடுப்படியில் தவிடு அள்ளப் போயிற்று. 1969-ல் கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தபோது, எங்கள் வீட்டில் மரக்கால் ஒன்றுதான் இருந்தது. அதற்குள் போராட்டமும் தீயும் உயிர்ச்சேதமும் எங்கள் ஜில்லாவில் நடந்து முடிந்திருந்தன. நான் ஏதோ பெரிதாகச் செய்துவிட்டதாகச் சொல்ல வரவில்லை. கணக்கு எழுதினேன், கணக்கு காட்டிக்கொடுத்தது.

தம்பி கையைக் காட்டுகிறார். இரண்டு விரல். இரண்டு நிமிடமா, தம்பி? சரி.

பிள்ளைகளைப் பற்றிப் பேசலாம் என்று நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன், அது போச்சு. ராத்திரியில் லாந்தர் வைத்து நடவுப் பெண்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தது, பிறகு தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் வந்தபோது புதுக்கோட்டைப் பக்கம் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் கற்றுக்கொண்ட செய்தியைக் கேட்டு, ஐம்பதை எட்டப்போகிற வயதில் நானும் ஏறி விழுந்தது, அதெல்லாம் இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று. எனக்கு மூன்று பிள்ளைகள். கடைசிப் பையன் 1974-ல் பிறந்தான். அவனுக்கு என் மேல் ஒரு தீராத குறை. இந்தப் பதிவேட்டில் அவன் பிறந்த நாளுக்கு நான் எழுதியிருப்பதை அப்படியே படிக்கிறேன். ‘செவலை கன்று போட்டது, கிடேரி. ஆண் குழந்தை.’ மாட்டுக்கு அடுத்த வரியில் தன்னை எழுதிவிட்டேன் என்று ஐம்பது வருடமாகச் சொல்லிக்காட்டுகிறான். செவலை மூன்று மணிக்குக் கன்று போட்டது, இவன் பிறந்தது நாலரைக்கு. நேரப்படி எழுதினேன், வேறென்ன செய்வது?

தம்பி எழுந்தே நின்றுவிட்டார். வணக்கம்.