தொங்கும் கழுத்தும் இனிப்புநீரும்: கத்தியா, ஊசியா?

வணக்கம் நேயர்களே. தாடைக்குக் கீழே தோல் தொங்குகிறது, சரிசெய்துகொள்ள ஆசை, ஆனால் இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், இருக்கிறது. வெட்டித் தைத்துக்கொள்ளலாமா, இல்லை ஊசி, இயந்திரம் என்று கத்தி படாமல் முடித்துக்கொள்ளலாமா? அறுவைச் சிகிச்சை வார்டில் தாதியாக வேலை பார்த்தவள் என்பதால் கோயிலில், கல்யாண வீட்டில், தேக்கா சந்தையில் என்று எங்கே பார்த்தாலும் யாராவது குரலைத் தாழ்த்தி என்னிடம் இதைக் கேட்பார்கள். குரலைத் தாழ்த்தவே வேண்டாம். கண்ணாடியில் பார்ப்பது பிடிக்கவில்லை, மாற்றிக்கொள்ள நினைக்கிறீர்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் ஆட்களுக்கு இது நெருக்கமான விஷயமும்கூட. 2010 தேசிய சுகாதார ஆய்வில் இங்கே சிங்கப்பூரில் உள்ள இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, சீனர்களில் 9.7 விழுக்காடு. 2016ல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. ஆகவே அழகு சிகிச்சைக்கு வரும் தமிழர்களில் சர்க்கரை உள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கத்தான் செய்வார்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான், நடுவில் திரும்பவும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கத்தியா ஊசியா என்பது இரண்டாவது கேள்வி. உங்கள் ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு, எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி. அதைக் கேட்காத இடத்தில், எவ்வளவு அழகான சோஃபா போட்டிருந்தாலும், உட்காராதீர்கள்.

சரி, கழுத்தில் என்ன நடக்கிறது? யாரும் பக்கத்தில் இல்லையென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு வாயின் இரண்டு ஓரத்தையும் கீழே இழுத்துப் பாருங்கள். கழுத்தில் கயிறு மாதிரி எழும்புகிறதல்லவா, அது பிளாட்டிஸ்மா என்ற மெல்லிய தசை. வயதாக ஆக அது நடுவில் விலகித் தொங்கும், அதற்கு மேல் கொழுப்பு, அதற்கு மேல் தோல். இந்த மூன்றில் எது உங்கள் பிரச்சினையோ அதற்கேற்ற சிகிச்சைதான் பலன் தரும்.

எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன், டாக்சி ஓட்டியவர், அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். வருஷக்கணக்காகச் சர்க்கரையை ஏற விட்டவர், ஒரு நாள் முடிவெடுத்து நடக்க ஆரம்பித்தார், இனிப்பான பால் தேநீரான தே தாரிக்கை விட்டு, பாலும் சர்க்கரையும் இல்லாத தே-ஓ-கோசோங்குக்கு மாறினார், டாக்டர் புது மாத்திரையும் சேர்த்தார். நன்றாக மெலிந்தார். மெலிந்ததும் கழுத்துத் தோல் தளர்ந்து தொங்கிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன அண்ணே, உடம்பு சரியில்லையா, இனிப்புநீர் கூடிப்போச்சா?" என்று கேட்கிறார்கள்! நல்லது செய்த மனிதனை நோயாளி மாதிரி பார்த்தால் மனசு என்ன பாடுபடும். அதனால்தான் அவர் கழுத்தைச் சரிசெய்ய நினைத்தார்.

முதலில் போன இடத்தில் கொழுப்பைக் கரைக்கும் ஊசி என்று ஒரு விலைப்பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சர்க்கரை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அந்தத் தாளோடு என் வீட்டுக்கு வந்தார். அண்ணே, கரைப்பதற்கு உங்கள் கழுத்தில் கொழுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அந்த ஊசி டிஆக்சிகோலிக் அமிலம், தாடைக்கடியில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்காக 2015ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாதத்துக்கு ஒன்றாக ஆறு முறை வரை போடுவார்கள், ஒவ்வொரு முறையும் நன்றாக வீங்கும். தளர்ந்த தோலில் இருக்கிற கொஞ்சக் கொழுப்பையும் எடுத்தால் இன்னும்தான் தொங்கும்.

அப்புறம் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் போனார். அவர் தோலைப் பிடித்துப் பார்த்து, இது அறுவைக்கான கழுத்துதான், ஆனால் ஹெச்பிஏ1சி 8.6 இருக்கிறது, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அண்ணனுக்குக் கோபம். மெலிந்துவிட்டேனே, இன்னும் என்ன? நான் விளக்கினேன். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், அவ்வளவு காலமும் அதில் படிந்த சர்க்கரையைத்தான் அந்தப் பரிசோதனை காட்டுகிறது, நேற்று சாப்பிடாமல் இருந்ததால் மாறாது. கழுத்து அறுவையில் தாடைக்கடியிலும் காதுக்குப் பின்னாலும் கீறி, தோலை அடியிலிருந்து பிரித்துத் தூக்கி, தசையை நடுவில் தைத்து, மிச்சத் தோலை வெட்டி எடுக்கிறார்கள். அப்படிப் பிரித்த தோலுக்கு ரத்தம் ஒரு பக்கத்திலிருந்துதான் வரும், காதுக்குப் பின்னால் உள்ள ஓரம்தான் கடைசி. சர்க்கரை சிறு ரத்தக் குழாய்களைக் கெடுத்திருந்தால், வெள்ளணுக்களும் மந்தமாகியிருந்தால், அந்த ஓரம்தான் முதலில் கறுத்துப்போகும், சீழ் பிடிக்கும். புகைப்பவர் என்றால் இன்னும் மோசம். பல மருத்துவர்கள் 8க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறார்கள், இன்னும் கவனமானவர்கள் 7க்குப் பக்கத்தில் எதிர்பார்க்கிறார்கள். அதற்காக ஒரேயடியாகப் பட்டினி கிடந்து சர்க்கரையைக் குறைக்காதீர்கள், ரொம்ப வேகமாகக் குறைத்தால் கண்ணின் விழித்திரைப் பாதிப்பு மோசமாகக்கூடும்.

மூன்று மாதம் கழித்து 7.1. இப்போதுதான் எனக்கு மிக முக்கியமான கட்டம். மயக்க மருந்து டாக்டர் மாத்திரைப் பட்டியலைக் கேட்டார், அதில் எம்பாகிளிஃப்ளோசின் இருந்தது. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை இது, நம்மில் நிறையப் பேர் சாப்பிடுகிறோம். நல்ல மருந்துதான். ஆனால் அறுவைக்காகப் பட்டினி இருக்கும்போது இது உடலில் இருந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம், அதுவும் விரல் நுனிப் பரிசோதனையில் சர்க்கரை ஏறக்குறைய சாதாரணமாகக் காட்டும்போதே. அதனால் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், இதே வகை மாத்திரையான டாபாகிளிஃப்ளோசினும் அப்படித்தான். வாரம் ஒருமுறை போடும் செமாகுளுட்டைட் ஊசி இன்னொரு வகை: வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு தங்கியிருந்தால் மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், ஆனால் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். மாத்திரை அட்டைகளையே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

அண்ணனுக்கு அறுவை நடந்தது. காதுக்குப் பின்னால் ஓரிடம் மட்டும் ஆற நாளானது, மற்றபடி நன்றாக இருக்கிறார்.

சரி, கத்தி இல்லாத வழிகள். போட்டாக்ஸ் ஊசி அந்தத் தசைக் கயிறுகளைத் தளர்த்தும், அமெரிக்காவில் 2024ல்தான் கழுத்துக்கு அனுமதி கிடைத்தது, மூன்று நான்கு மாதம்தான் நிற்கும், தொங்கும் தோலை ஒன்றும் செய்யாது. அல்ட்ராசவுண்ட், ரேடியோ அலை இயந்திரங்கள் தோலுக்கடியில் சூடு கொடுத்து, தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனைப் புதிதாக வளர வைக்கின்றன. அதை வளர்க்க வேண்டியது உங்கள் உடல், சர்க்கரையில் ஊறி விறைத்த கொலாஜன் உள்ள உடல், ஆகவே கொஞ்சம்தான் எதிர்பார்க்க வேண்டும். நூல் இழுப்பு என்றால் தோலைத் தூக்கிப் பிடிக்கத் தோலுக்கடியில் நூல் என்ற ஒரு வெளிப்பொருளை விட்டு வைக்கிறோம், சர்க்கரை கூடியவர்களுக்கு அங்கே சீழ் பிடிக்க எளிது. கத்தி இல்லை என்பதால் ஹெச்பிஏ1சி பார்க்க வேண்டாம் என்று ஆகிவிடாது. லேசான தளர்ச்சி, சர்க்கரை இன்னும் கட்டுக்குள் வரவில்லை, மயக்க மருந்து தாங்காத இதயம் என்றால் ஒரு நல்ல மருத்துவர் கையால் போட்டாக்ஸோடு நிறுத்திக்கொள்வதுதான் என் யோசனை. நன்றாகத் தொங்கும் தோலுக்கு இவற்றில் திரும்பத் திரும்பப் பணம் கட்டாதீர்கள். கத்தி, ஊசி இரண்டுக்குமே நம் தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்ட் லைஃப் கைகொடுக்காது, அழகு சிகிச்சை அதில் சேராது.

கழுத்தைச் சுற்றி வெல்வெட் மாதிரி கறுத்திருக்கிறதே, அதை எலுமிச்சை போட்டுத் தேய்க்காதீர்கள். அது அழுக்கு இல்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம், எந்த அறுவையும் அதை எடுக்காது, பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

தழும்பு தடித்து வளரும் கீலாய்டு பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். நம் நிறத்துத் தோலுக்கு அது கூடுதலாக வரும், காது குத்திய இடத்தில் தடித்தவர்கள் கட்டாயம் சர்ஜனிடம் காட்டுங்கள், அவ்வளவுதான் இப்போது. கடைசியாக இது மட்டும். கழுத்து அறுவை முடிந்த முதல் நாளில்தான் உள்ளே ரத்தம் கட்டும் ஆபத்து அதிகம், ரத்த அழுத்தம் ஏறினால் இன்னும் கூடும், ஆகவே அழுத்த மாத்திரையைப் பற்றியும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அன்றிரவு தனியாக இருக்காதீர்கள். ஒரு பக்கம் திடீரென்று வீங்கி இறுகினால், வலி கூடிக்கொண்டே போனால் உடனே சர்ஜனைக் கூப்பிடுங்கள். மூச்சு முட்டினால் யாருக்கும் காத்திருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995. நன்றி, வணக்கம்.