சம்பளச் சீட்டில் அச்சாகாத வரி: ஜெர்மனியில் சொந்தத் தொழில்

[திரையில்: ஒரு ஜெர்மன் சம்பளச் சீட்டு. பெயரும் நிறுவனமும் மறைக்கப்பட்டிருக்கின்றன.]

வணக்கம். ஜெர்மனியில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் எல்லோருக்கும் மாதா மாதம் வரும் காகிதம் இது. கையில் எவ்வளவு வரும் என்று கடைசி வரியைப் பார்ப்போம், மேலே இருக்கும் பிடித்தங்களைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவோம், அவ்வளவுதான். ஆறு வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். வேலையை விட்டுவிட்டு, இயந்திரங்களின் அதிர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் பொறியாளராகத் தனியே தொழில் தொடங்கிய பிறகுதான் பழைய சீட்டு ஒன்றை எடுத்து மேசையில் விரித்து, வரி வரியாகப் படித்தேன். அதில் இருந்த ஒவ்வொரு வரியும் எனக்காக வேறு யாரோ பார்த்துக்கொண்டிருந்த வேலை. இப்போது அத்தனையும் என் பொறுப்பு.

திறமை இருக்கிறது, நாலு வாடிக்கையாளர் கிடைத்தால் போதும் என்று தைரியமாக இறங்குபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்கு வாடிக்கையாளர் கிடைத்துவிடுகிறார்கள். தடுமாறுவது இந்தச் சீட்டில் இருக்கும் விஷயங்களில்தான். அதனால் இதை வைத்தே பேசுவோம்.

[திரையில்: சீட்டின் அடியில் ஒரு வெற்று வரி, சிவப்புக் கட்டத்துக்குள்.]

முதலில், சீட்டில் அச்சாகாத வரி: உங்கள் குடியிருப்பு அனுமதி.

உயர்திறன் பணியாளர்களுக்கான பிளூ கார்டும் சரி, மற்றத் திறன் பணியாளர் அனுமதியும் சரி, ஒரு வேலைக்காகக் கொடுக்கப்பட்டவை. வேலையை விட்டால் அனுமதி நிற்பதற்கான காரணமே போய்விடும். மாலையில் சின்னதாக ஒரு தொழில் செய்வதற்குக்கூட வெளிநாட்டவர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். குடியிருப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. சுயதொழிலுக்கென்று தனி அனுமதியும் அதே பிரிவில்தான் வருகிறது. வாங்கலாம், வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிழைப்புக்கு இந்த வருமானம் போதும் என்று ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். 45 வயதைத் தாண்டியவராக இருந்தால் வயதான காலத்துக்கு என்ன ஏற்பாடு என்றும் காட்ட வேண்டும்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: பி.ஆர்., அதாவது நிரந்தரக் குடியிருப்பு, வரும்வரை வேலையிலேயே இருங்கள். பிளூ கார்டில் 27 மாதம் வேலை பார்த்து ஓய்வூதியம் கட்டியிருந்தால் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஜெர்மன் மொழி பி1 அளவுக்கு, அதாவது அன்றாடம் பேசிச் சமாளிக்கும் அளவுக்கு, தெரிந்தால் 21 மாதமே போதும். மற்றத் திறன் பணியாளர்களுக்கு 36 மாதம். அவசரப்பட்டு நடுவில் ஃப்ரீலான்சராக மாறினால் பொதுவாக 5 வருடக் கணக்குக்குப் போய்விடுவீர்கள். பி.ஆர். அட்டை கைக்கு வந்துவிட்டால், சுயதொழில் செய்யலாமா என்று வெளிநாட்டவர் அலுவலகத்தைக் கேட்க வேண்டியதே இல்லை. இரண்டு வருடப் பொறுமை, பிறகு வாழ்நாள் முழுவதும் நிம்மதி.

பல வீடுகளில் கவனிக்காமல் போகும் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கணவர் பிளூ கார்டில் இருக்கிறார், மனைவி குடும்ப விசாவில் வந்திருக்கிறார் என்று வையுங்கள். மனைவியின் அட்டையை எடுத்துப் பாருங்கள். 'எர்வெர்ப்ஸ்டேடிக்கைட்' அனுமதிக்கப்பட்டது என்று அதில் இருக்கும். அந்தச் சொல் சம்பள வேலையையும் சுயதொழிலையும் சேர்த்தே குறிக்கிறது. 'டிபென்டென்ட்' என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டு, தன்னால் இங்கே எதுவும் செய்ய முடியாது என்று நம்பிக்கொண்டிருக்கும் பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அந்த வீட்டில் நாளைக்கே தொழில் தொடங்க முழு உரிமை உள்ளவர் அவர்தான்! தொழில் சின்னதாக இருந்து, மாத வருமானம் அதற்கான வரம்புக்குள் (2025இல் அது 535 யூரோ) நின்றால், கணவரின் அரசு மருத்துவக் காப்பீட்டிலேயே அவர் கட்டணமின்றித் தொடரலாம்.

இன்னொன்று. லேப்டாப் இருந்தால் போதும், கோயம்புத்தூரில் அம்மா வீட்டில் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம் என்று ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் 6 மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் குடியிருப்பு அனுமதி பொதுவாகத் தானாகவே காலாவதியாகிவிடும். பி.ஆர். அட்டைக்கும் இதேதான். ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை, நீண்ட நாள் இருந்தாக வேண்டும் என்றால், புறப்படும் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

[திரையில்: சீட்டில் மருத்துவக் காப்பீட்டு வரி பெரிதாகிறது.]

அடுத்து இந்த வரி. சம்பளக்காரருக்கு மருத்துவக் காப்பீட்டில் பாதியை முதலாளி கட்டுகிறார். தொழில் தொடங்கிய அன்று அந்தப் பாதி மறைந்துவிடும். மாதம் 3,000 யூரோ சம்பளம் வாங்கும், ஒரு குழந்தை உள்ள ஒருவருக்குக் மருத்துவக் காப்பீட்டுக்கும், முதுமையிலோ நோயிலோ தேவைப்படும் பராமரிப்புக்கான காப்பீட்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 310 யூரோ பிடிப்பார்கள். அதே 3,000 யூரோவைத் தொழிலில் லாபமாகப் பார்ப்பவர் அரசுக் காப்பீட்டில் ஏறத்தாழ 600 யூரோ கட்டுவார். ஒரு மாதம் வருமானமே இல்லை என்றாலும் தப்ப முடியாது. குறைந்தது இவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்று அவர்களே ஒரு தொகையை வைத்துக்கொள்வார்கள். 2025இல் அது 1,248 யூரோ. அதற்கே சுமார் 250 யூரோ கட்ட வேண்டியிருந்தது.

முதலில் நீங்கள் சொல்லும் உத்தேச வருமானத்தை வைத்துக் கட்டணம் போடுவார்கள். வரிக் கணக்கு முடிந்து வரி அலுவலகத்தின் ஆணை வந்த பிறகு மீதியைக் கேட்பார்கள், அல்லது திருப்பித் தருவார்கள். அந்த ஆணையின் நகலை 3 வருடத்துக்குள் அனுப்பாமல் விட்டால் உச்சபட்சக் கட்டணம் விழும். காகிதத்தை அனுப்ப மறந்ததற்காக ஆயிரக்கணக்கில் கட்ட நேர்ந்தால் எப்படி இருக்கும்? நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

காய்ச்சலில் படுத்தால் முதலாளி 6 வாரம் சம்பளம் கொடுப்பாரே, அதுவும் இனி இல்லை. காப்பீட்டில் சற்று அதிக விகிதத்தைத் தேர்ந்தெடுத்தால் 43ஆம் நாளிலிருந்து நோய்க்காலப் பணம் வரும். முதல் 42 நாளுக்கு உங்கள் சேமிப்புதான் துணை.

[திரையில்: சீட்டில் வருமான வரி உள்ள இடம். அதன் பக்கத்தில் நான்கு தேதிகள்: மார்ச் 10, ஜூன் 10, செப்டம்பர் 10, டிசம்பர் 10.]

அப்புறம் வருமான வரி. தொடங்கி ஒரு மாதத்துக்குள் ஃபினான்ஸ்அம்ட்டுக்கு, அதாவது வரி அலுவலகத்துக்கு, 'எல்ஸ்டர்' என்ற அரசு வரித் தளத்தில் ஒரு நீண்ட படிவம் நிரப்ப வேண்டும். இந்த வருடம் எவ்வளவு லாபம் எதிர்பார்க்கிறீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. பயத்தில் நான் மிகக் குறைவாக எழுதினேன். முதல் வருடம் முன்வரி, அதாவது காலாண்டுதோறும் முன்கூட்டியே கட்டும் வரி, எதுவும் கேட்கவில்லை, சந்தோஷமாக இருந்தது. அடுத்த கோடையில் கணக்கைத் தாக்கல் செய்தேன். ஒரு கடிதம் வந்தது. போன வருடத்துக்கான முழு வரி, அதோடு இந்த வருடத்தில் கடந்துபோன காலாண்டுகளுக்கான முன்வரி, அடுத்து செப்டம்பர் 10, டிசம்பர் 10 தவணைகள். ஒரே உறையில் ஏறத்தாழ இரண்டு வருட வரி. அன்று இரவு நான் தூங்கவில்லை. ஊரில் நிலம் வாங்கச் சேர்த்த பணம் அதற்குப் போனது.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு வங்கிக் கணக்கு. வாடிக்கையாளர் பணம் வந்த அன்றே மூன்றில் ஒரு பங்கை வரிக்கென்று இரண்டாவது கணக்குக்கு மாற்றிவிடுவேன். மீதிதான் என் வருமானம்.

விற்பனை வரியும் அப்படித்தான். 1,000 யூரோ வேலைக்கு 19 சதவீதம் சேர்த்து 1,190 என்று பில் போடுவீர்கள். அந்த 190 உங்கள் கையில் தங்கும் பணம் இல்லை. முந்தைய வருட விற்பனை 25,000 யூரோவுக்குள்ளும் நடப்பு வருடம் 1,00,000க்குள்ளும் இருந்தால், சிறுதொழில் சலுகையில் இந்த வரியே போடாமல் இருக்கலாம். 2025 ஜனவரி முதல் இதுதான் வரம்பு.

பொறியாளர், மொழிபெயர்ப்பாளர், மருத்துவர், ஆசிரியர் போன்றவர்கள் 'ஃப்ரைபெரூஃப்லர்' என்ற வகை. மளிகைக் கடை, உணவகம், இணைய வியாபாரம் எல்லாம் 'கெவெர்பே'. கெவெர்பே என்றால் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும், லாபம் வருடத்துக்கு 24,500 யூரோவைத் தாண்டினால் தொழில் வரியும் உண்டு. எந்த வகை என்பதை முடிவு செய்வது வரி அலுவலகம்.

[திரையில்: ஓய்வூதிய வரி.]

ஓய்வூதியம் சுயதொழில் செய்பவர்களுக்குக் கட்டாயம் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. சனிக்கிழமைகளில் பரதநாட்டியம், வாய்ப்பாட்டு, கணிதம் சொல்லிக்கொடுக்கும் நம் ஆசிரியர்களுக்கு இது முக்கியம்: தனியாகத் தொழில் செய்யும் ஆசிரியர்கள், வேலையாள் யாரும் வைத்துக்கொள்ளாமல், மாதம் ஒரு வரம்புக்கு மேல் (2025இல் அது 556 யூரோ) லாபம் பார்த்தால், அரசு ஓய்வூதியம் அவர்களுக்குக் கட்டாயம். பலருக்கு இது தெரியாது. தெரிய வரும்போது 4 வருட நிலுவையைக் கேட்டுக் கடிதம் வந்திருக்கும்.

கலை கற்பிப்பவர்களுக்கு ஒரு நல்ல வழியும் இருக்கிறது. 1983இல் நடைமுறைக்கு வந்த கலைஞர்கள் சமூகக் காப்பீட்டு நிதி, 'க்யூன்ஸ்ட்லர்ஸோட்சியால்காஸ்ஸே'. இதில் சேர்த்துக்கொண்டால் காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் பாதியை அந்த நிதி கட்டும், முதலாளி கட்டுவதைப் போல. இசையையும் ஆட்டத்தையும் கற்பிப்பவர்களும் விண்ணப்பிக்கலாம், ஆராய்ந்து அவர்கள் முடிவு சொல்வார்கள். அரங்கேற்ற அழைப்பிதழ், வகுப்பு விவரம், பில்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். அவைதான் சான்று.

பழைய முதலாளியே, "வேலையை விடுங்கள், அதே வேலையை எனக்கு ஃப்ரீலான்சராகச் செய்யுங்கள்" என்று சொன்னால் கவனம். அவருடைய கணினி, அவருடைய நேரம், அவருடைய கட்டளை, வேறு வாடிக்கையாளரே இல்லை என்றால் சட்டம் அதைப் போலிச் சுயதொழில் என்று பார்க்கும்.

[திரையில்: இடப்பக்கம் 25 யூரோ, வலப்பக்கம் வெற்றிடம்.]

கடைசியாக, எல்லோரும் கேட்கும் கேள்வி. மணிக்கு எவ்வளவு கேட்பது?

4,000 யூரோ சம்பளக்காரர் மாதம் 160 மணி நேரம் வேலை பார்க்கிறார், வகுத்தால் 25. பெரும்பாலானவர்கள் இதைத்தான் சொல்லித் தொடங்குகிறார்கள். இப்போது முழுச் சீட்டையும் வைத்துக் கணக்குப் போடுவோம். வருடத்துக்கு 48,000. முதலாளி தன் பங்காகக் கட்டும் சுமார் 10,000 சேர்த்தால் 58,000. வருடத்தில் வார இறுதிகள் 104 நாள் போக 261. அரசு விடுமுறை 10, ஓய்வு 28, உடம்பு சரியில்லாத நாள் 10 கழித்தால் 213. அதிலும் மூன்றில் ஒரு பங்கு பில் எழுதவும் வாடிக்கையாளர் தேடவும் கடிதங்களுக்குப் பதில் போடவும் போகும். மிஞ்சுவது 142 நாள், அதாவது 1,136 மணி நேரம். 58,000ஐ அதால் வகுங்கள்.

[திரையில்: வலப்பக்க வெற்றிடத்தில் 51 யூரோ.]

51. இதில் கணினிச் செலவும் அறை வாடகையும் இன்னும் சேரவில்லை. முதல் வாடிக்கையாளரிடம் இந்தத் தொகையைச் சொல்ல நாக்கு எழாது. எனக்கு எழவில்லை, 30 என்று சொல்லிவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்து ஏற்றிக் கேட்டபோது அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அடுத்தவரிடம் 55 என்று சொன்னேன். அவர் ஒரு நிமிடம் யோசித்தார், எப்போது தொடங்கலாம் என்று கேட்டார்.