நாலு மணிக்கு அப்புறம்

பேரூராட்சித் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அம்மா அவர்களே, பந்தலும் சுண்டலும் உபயம் செய்த அரிசி ஆலை அண்ணாச்சி அவர்களே, வணக்கம். மைக் செட் தம்பியை விட்டுவிட்டால் கரகரவென்று பழிவாங்கிவிடுவார், அவருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் குறித்து வந்திருக்கிறேன்: பள்ளியில் நடக்கும் சீண்டல், செல்போன், நம்பிக்கை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவனை அரள வைத்தது யார் என்று நாம் கேட்பதில்லை. போனைத்தான் பிடுங்குகிறோம்.

எங்கள் தெருவில் ஒரு பையன், எட்டாம் வகுப்பு. கொஞ்சம் திக்கும். கடைக்கு அனுப்பினால் வாயே திறக்க மாட்டான். உள்ளங்கையில் ‘டீத்தூள் கால் கிலோ’ என்று எழுதிக் கையை விரித்துக் காட்டுவான். ஒருநாள் மழையில் மை கரைந்துவிட்டது. கடைக்காரர் கையைப் பிடித்துப் பார்த்து, “தம்பிக்கு வெளிநாட்டு யோகம் இருக்கு” என்றாராம். சிரிக்கிறீர்கள், நானும் சிரித்தேன். அவன் டீத்தூள் இல்லாமலே திரும்பினான். அன்று ராத்திரி இரண்டு மணி வரை கொசுவலைக்குள் போன் வெளிச்சம். விளையாட்டில் அவன் பெயர் ‘புயல் ராஜா’. அங்கே எல்லாம் விரல்தான், திக்குவது யாருக்குத் தெரியும்? ஆனால் அவன் பாடம் வாசித்ததைப் பதிவு செய்து எவனோ வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். முன்னெல்லாம் கேலி நாலு மணி பெல்லோடு நின்றுவிடும். இப்போது கொசுவலைக்குள்ளும் வருகிறது. டீச்சரிடம் சொன்னாயா என்றேன். ‘சொன்னா மட்டும்?’ என்று கையில் எழுதிக் காட்டினான். அரண்டவன் கண்ணுக்கு டீச்சரும் பேய்தான்.

அவனைக் குறை சொல்ல முடியுமா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தன்னைச் சீண்டியவர்களைப் பற்றிச் சொன்ன மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து, பள்ளிகளில் சாதிப் பிரிவினையைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. நார்வேயில் 1982-இல் மூன்று சிறுவர்கள், சீண்டல் தாங்காமல் என்கிறார்கள், உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அடுத்த வருடமே நாடு முழுக்கப் பள்ளிகளில் இயக்கம் தொடங்கிவிட்டார்கள். அங்கே உருவான திட்டத்தில் ஒரு எளிய வேலை, இடைவேளையில் பெரியவர்கள் பிள்ளைகள் மேல் கண் வைத்திருப்பது.

பெரியவர் கண் படுகிற இடம் என்றால் எனக்கு நூலகம்தான். தலைவர் சிரிக்கிறார், இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையை விட்டு இறங்கினேன்? 1948-லேயே நூலகச் சட்டம் போட்ட மாகாணம் இது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். நம் கிளை நூலகமோ பள்ளி விடுகிற நேரத்தில் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பையன் சனிக்கிழமைகளில் அங்கே புத்தகங்களுக்கு முத்திரை குத்துகிறான். போன வாரம் என்னிடம், “தா... தாத்தா, உங்க கார்டு காலாவதி” என்றான். வாயால்!

மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை, மைக் செட் தம்பி கை காட்டுகிறார். தலைவர் அவர்களே, நூலகம் மாலை ஏழு மணி வரை திறந்திருக்கப் பரிந்துரை கேட்கும் மனு என் சட்டைப்பையில் இருக்கிறது. பேனாவும் கொண்டு வந்திருக்கிறேன்.