கும்பகர்ணன் வாய் திறந்த நான்கு இடங்கள்

(திரை கருப்பு. குறட்டைச் சத்தம் மட்டும்.)

காலை ஒன்பது மணி வரை போர்வையை விலக்காத பிள்ளைக்கு நம் வீடுகளில் என்ன பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை. நமக்குத் தெரிந்த கும்பகர்ணன் அவ்வளவுதான். தூங்குவான், எழுந்தால் தின்பான்.

கம்பரும் இதில் கஞ்சத்தனம் காட்டவில்லை. எழுந்து உட்கார்ந்தவனுக்கு அறுநூறு வண்டிச் சோறு, நூறு நூறு குடமாகக் கள். அப்புறம் ஆயிரத்து இருநூறு எருமைக்கடா. இவ்வளவும் உள்ளே போன பிறகு 'இறை ஆறினான்' என்கிறார். கொஞ்சம் பசி ஆறினானாம்!

பள்ளிக்கூடத்தில் வேறொரு கும்பகர்ணன் இருக்கிறான். விடைத்தாளில் 'செஞ்சோற்றுக் கடன் தீர்த்தவன்' என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். உண்ட வீட்டுக்கு உயிர் கொடுத்தான், நீதி முடிந்தது, அடுத்த கேள்விக்குப் போகலாம்.

இந்த வீடியோவில் அந்த ஒற்றை வரியைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். ஒரு காப்பிய வீரனைப் படிக்க எனக்குத் தெரிந்த வழி எளிமையானது: அவனைப் பற்றி மற்றவர்கள் சொல்வதை ஓரமாக வைத்துவிட்டு, அவன் வாய் திறக்கும் இடங்களை மட்டும் வரிசையாகப் படிப்பது. கும்பகர்ணனுக்கு அப்படி முக்கியமான நான்கு இடங்கள், எல்லாமே யுத்த காண்டத்தில்.

(திரையில்: இலங்கையின் மந்திராலோசனை மண்டபம்.)

முதல் இடம், இராவணனின் சபை. அனுமன் ஊரைக் கொளுத்திவிட்டுப் போயிருக்கிறான். அடுத்து என்ன செய்வது என்று ஆலோசனை நடக்கிறது. தளபதிகள் எல்லாரும் மார்தட்டுகிறார்கள். கும்பகர்ணன் எழுந்து அண்ணனைப் பார்த்துச் சொல்கிறான்: 'பேசுவது மானம், இடை பேணுவது காமம், கூசுவது மானுடரை, நன்று நம் கொற்றம்!'

மானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே காமத்தை வளர்க்கிறோம், மனிதர்களைக் கண்டு கூசி அஞ்சுகிறோம், நல்ல ஆட்சிதான் போ என்கிறான். நிறைந்த சபையில் பேரரசனின் முகத்துக்கு நேராகச் சொன்ன சொல் இது. பிறன் மனைவியைக் கொண்டுவந்து சிறை வைத்துவிட்டுக் குற்றமில்லாப் புகழுக்கு ஆசைப்படுகிறோமே என்றும் அதே பாட்டில் குத்துகிறான்.

ஆனால் இங்கேதான் நிறையப் பேர் ஒரு திருப்பத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சீதையை விட்டுவிடு என்று அவன் இந்தச் சபையில் சொல்லவில்லை. 'விட்டிடுதுமேல் எளியம் ஆதும்' என்கிறான். இனிமேல் விட்டால் நம்மை எளியவர்கள் என்பார்கள். போரிட்டுச் செத்தால் பழி இல்லை. செய்தது தவறு, திருத்திக்கொண்டால் கௌரவம் போய்விடும். இந்த இடத்தில் அவன் அறவோன் இல்லை. நியாயம் தெரிந்தும் கௌரவத்தை விட முடியாத மனிதன். கல்யாண மண்டபத்திலும் பாகப்பிரிவினையிலும் நாம் நிறையப் பார்த்த ஆள்தான். விடு, சரணடை என்று நேராகச் சொன்னவன் கடைசித் தம்பி வீடணன். அவனுக்குக் கிடைத்தது வெளியேற்றம்.

இரண்டாவது இடம், அவனை எழுப்பிய பிறகு. எழுப்பப் போனவர்கள் பாடும் 'உறங்குகின்ற கும்பகன்ன' பாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். சந்தம் நன்றாக இருக்கிறது என்று மேடையில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பாட்டு. நான் அதைத் தாண்டிப் போகிறேன்.

(திரையில்: இராவணன் தம்பியின் நெற்றியில் பட்டம் கட்டுகிறான்.)

நான் நிற்க விரும்புவது அதற்கடுத்த காட்சியில். தூக்கக் கலக்கத்தோடு வந்து நின்ற தம்பியை இராவணன் தழுவிக்கொள்கிறான். சாப்பிட வைக்கிறான். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் அலங்காரம் செய்ய ஆரம்பிக்கிறான். பட்டு, நகை, கவசம். இந்திரன் தோற்று ஓடிய நாளில் அவனுடைய யானை நழுவவிட்ட நெற்றிப்பட்டத்தை எடுத்துத் தம்பியின் நெற்றியில் வீரபட்டமாகக் கட்டுகிறான். எல்லாம் முடிந்த பிறகுதான், இதெல்லாம் எதற்கு என்று கும்பகர்ணன் கேட்கிறான். காரணம் சொல்லும் முன்பே ஆளைப் போருக்கு உடுத்திவிட்டார்கள். இந்த அலங்காரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

காரணம் தெரிந்ததும் அவன் கேட்கிறான்: 'ஆனதோ வெஞ்சமம்? அலகில் கற்புடைச் சானகி துயர் இனம் தவிர்ந்தது இல்லையோ?' போரே வந்துவிட்டதா? அந்தப் பெண்ணின் துயரம் இன்னுமா தீரவில்லை? எதிரியின் மனைவியைப் பற்றி இலங்கையின் முதல் வீரன் கேட்கும் கேள்வி இது. இப்போது அவன் சொல்லும் யோசனையும் மாறிவிட்டது. சீதையை விட்டுவிடு, இராமனிடம் பணி, தம்பியோடு சமாதானமாகப் போ, பிழைக்க வழி இதுதான். சபையில் எளியவர்கள் ஆவோம் என்றவன் இப்போது எளியவர்கள் ஆனாலும் பரவாயில்லை என்கிறான். காப்பிய வீரர்கள் கல்லில் செதுக்கியவர்கள், மாறவே மாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் படித்தால் அந்தப் பேச்சு நிற்காது.

இராவணன் சீறுகிறான். அந்த மனிதர்களையும் கூன் குரங்கையும் கும்பிட்டுப் பிழைப்பது உனக்கும் உன் தம்பிக்கும்தான் பொருந்தும், எழுந்து போ! கும்பகர்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. வென்று வருவேன் என்று சொல்ல மாட்டேன், விதி பிடரியைப் பிடித்துத் தள்ளுகிறது, சாவேன். செத்த பிறகாவது அவளை விட்டுவிடு என்கிறான். பிறகு இந்தப் பாட்டு. உரை இல்லாமலே புரியும்:

இற்றை நாள் வரை முதல் யான் முன் செய்தன
குற்றமும் உள எனின் பொறுத்தி கொற்றவ
அற்றதால் முகத்தினில் விழித்தல் ஆரிய
பெற்றனென் விடை எனப் பெயர்ந்து போயினான்.

'அற்றதால் முகத்தினில் விழித்தல்.' இனி உன் முகத்தில் விழிப்பது இல்லை. நம் ஊரில் சண்டை போட்டுக்கொண்டு சொல்லும் வசனத்தை இவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சொல்கிறான்.

(திரையில்: போர்க்களம். தூரத்தில் ஒருவன் தனியாக நடந்து வருகிறான்.)

மூன்றாவது இடம்தான் பட்டிமன்றங்களின் விருப்ப இடம். எதிர்ப்பக்கத்திலிருந்து வீடணன் வருகிறான், அண்ணனையும் இராமன் பக்கம் அழைத்துப் போக. எனக்குக் கொடுத்த இலங்கையை உனக்கே தருகிறேன், உனக்கு ஏவல் செய்கிறேன் என்கிறான். முதலில் கும்பகர்ணன் பதறுகிறான். நீயாவது பிழைத்தாய் என்று சந்தோஷப்பட்டேனே, சாகப்போகிற எங்களிடம் எதற்கு வந்தாய், 'அமுது உண்பாய் நஞ்சு உண்பாயோ' என்கிறான். நாங்கள் எல்லாரும் செத்தால் எள்ளும் நீரும் இறைக்க உன்னைவிட்டால் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்கிறான். குலத் துரோகி என்ற ஏச்சு அவன் வாயில் வரவே இல்லை. பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற மறுப்பு:

நீர்க்கோல வாழ்வை நச்சி நெடிது நாள் வளர்த்துப் பின்னைப்
போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர்கொடாது அங்குப் போகேன்.

நீரில் போட்ட கோலம் போன்ற வாழ்வுக்கு ஆசைப்பட்டு, வளர்த்தவனை விட்டு வர மாட்டேன் என்கிறான். தேர்வுத்தாளின் செஞ்சோற்றுக் கடன் இந்த 'வளர்த்து' என்ற சொல்லில் இருக்கிறது. ஆனால் அடுத்த அடியின் 'போர்க்கோலம் செய்து' என்பதைப் பாருங்கள். இராவணன் தன் கையால் உடுத்திய அந்த அலங்காரம்தான்! வளர்த்தது கடன் என்றால், காரணம் சொல்லாமல் சாவுக்கு உடுத்தி அனுப்பியதும் அதே பாட்டில் இருக்கிறது. இது நன்றி மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். குரலில் ஒரு கசப்பு கேட்கிறது. இல்லை, அது வெறும் பாசம்தான் என்று நீங்கள் வாதாடினால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

தம்பியை இழுத்து மார்போடு அணைக்கிறான். கண்ணீரோடு நெடுநேரம் பார்க்கிறான். 'இன்றொடும் தவிர்ந்தது அன்றே உடன்பிறப்பு' என்று விட்டுவிடுகிறான்.

இங்கே எல்லாரும் கர்ணனை நினைப்பார்கள். எனக்கு விகர்ணன் ஞாபகம் வருகிறது. கர்ணன் சபையில் திரௌபதியை இழிவாகப் பேசியவன். விகர்ணன் கௌரவர்களில் ஒருவனாக இருந்தும் அது அநியாயம் என்று எழுந்து பேசியவன், பிறகு அண்ணன் பக்கமே நின்று பீமன் கையால் செத்தவன். கும்பகர்ணனுக்கு நெருங்கிய சொந்தம் அவன்தான். ஆனால் அவனுக்குக் கம்பரைப் போல ஒருவர் கிடைக்கவில்லை.

சரி, நான்காவது இடம். கும்பகர்ணன் சுக்கிரீவனைத் தூக்கிக்கொண்டு போகும்போது, அவன் இவனுடைய மூக்கையும் காதையும் கடித்து எடுத்துவிட்டுத் தப்புகிறான். பிறகு இராமனின் அம்புகளால் கைகளும் கால்களும் போகின்றன. அந்த நிலையில் இராமனிடம் பேசுகிறான். முதலில் கேட்பது தம்பிக்காக:

நீதியால் வந்ததொரு நெடுந்தரும நெறி அல்லால்
சாதியால் வந்த சிறுநெறி அறியான் என் தம்பி.

சாதி என்பது இங்கே பிறப்பு, குலம். நீதியால் வந்த நெறி 'நெடுந்தரும நெறி'. பிறப்பால் வந்த நெறி 'சிறுநெறி'. எந்த நெறிக்காகக் கைகால் இழந்து கிடக்கிறானோ, அதற்கு அவனே வைக்கும் பெயர் சிறுநெறி. அவனைப் புகழ்வதற்கு நாம் எழுதும் ஒற்றை வரியை அவன் பெரிதாக நினைக்கவில்லை. தம்பி போன வழிதான் பெரியது என்று தெரிந்தே இந்த வழியில் வந்தான். கும்பகர்ணனா வீடணனா என்று பட்டிமன்றத்தில் அணி பிரிப்பவர்கள் இந்தப் பாட்டை இரண்டு பக்கமும் பயன்படுத்தலாம், அதுதான் சங்கடம்.

இராவணன் வீடணனைத் தம்பி என்று பார்க்க மாட்டான், கண்டால் கொன்றுவிடுவான். உன்னையும் உன் தம்பியையும் அனுமனையும் விட்டு என் தம்பி பிரியாதபடி பார்த்துக்கொள் என்கிறான். அப்புறம் தனக்காக ஒன்று:

மூக்கிலா முகம் என்று முனிவர்களும் அமரர்களும்
நோக்குவார் நோக்காமை நுன் கணையால் என் கழுத்தை
நீக்குவாய் நீக்கியபின் நெடுந்தலையைக் கருங்கடலுள்
போக்குவாய்.

சூர்ப்பணகை மூக்கறுபட்டு வந்து நின்றதில் ஆரம்பித்த கதை இது. இவனும் அதே வீட்டுப் பிள்ளை. தங்கை அந்த முகத்தைச் சபையில் காட்டி அழுதாள். அண்ணன் அதை யாரும் பார்க்க வேண்டாம் என்கிறான்.

'வரம் கொண்டான், இனி மறுத்தல் வழக்கு அன்று' என்று இராமன் நாணில் அம்பைப் பூட்டுகிறான். அறுபட்ட தலையைக் காற்றின் படை கொண்டுபோய்க் கடலின் ஆழத்தில் அழுத்துகிறது.

(திரையில்: கடல். சத்தம் இல்லை.)