35,000 ரூபாக்குள்ள ரெண்டு பேருக்கு மலையும் நீர்வீழ்ச்சியும்: யாழ்ப்பாணத்தில இருந்து ரிவஸ்டன்

வணக்கம் உறவுகளே! ஓம், அதே நீலக் கொப்பிதான். காசுக் கணக்கு வீடியோ எண்டா கொப்பி வரும் எண்டு பழைய ஆக்களுக்குத் தெரியும்.

ஒரு கிழமையா போனைத் திறந்தா "கப்பிள் பக்கேஜ்" விளம்பரம்தான். ஒரு இரவு, ரெண்டு பேர், 38,000 ரூபா. உள்ளுக்க என்ன இருக்கு? கட்டிலில ரோசாப்பூ இதழ், துவாயில மடிச்ச ரெண்டு அன்னம், பலூன், அரைக் கிலோ கேக். போக்குவரத்து இல்லை. நீர்வீழ்ச்சி "பக்கத்தில" இருக்காம். எத்தினை கிலோமீற்றர் எண்டு போடேல்லை. துவாயை நீங்களே வீட்டில மடிச்சுப் பழகலாம், ஐஞ்சு நிமிச வேலை. அந்தக் காசுக்கு ரெண்டு நாள் மலை ஏறி, நீர்வீழ்ச்சியில குளிச்சு, சாப்பிட்டு, யாழ்ப்பாணம் திரும்பி வந்து சேரலாம். அதைத்தான் இண்டைக்குப் போட்டுக் காட்டப் போறன்.

முதல்ல இடம். கொமன்ற்ஸில எல்லாரும் "எல்ல, எல்ல" எண்டு நிக்கிறியள். எல்ல வடிவு, அதில சண்டை இல்லை. ஆனா கண்டிக்கே இங்கயிருந்து 320 கிலோமீற்றர். அங்கால எல்லவுக்கு இன்னும் 130க்கு மேல, அதுவும் மலை றோட்டு. சனி ஞாயிறு ரெண்டே நாள் எண்டா பஸ்ஸுக்குள்ளதான் குடும்பம் நடத்த வேணும். எல்லவுக்கு நாலு நாள் லீவு எடுத்துப் போங்கோ. ரெண்டு நாளுக்கு மாத்தளை. ஏ9 றோட்டிலயே இருக்கு, கண்டிக்கு 25 கிலோமீற்றர் முன்னால இறங்கலாம், வேற பஸ் மாறத் தேவையில்லை. அங்கயிருந்து இரத்தோட்டைக்கால ஏறினா நக்கிள்ஸ் மலை. 2010 இல யுனெஸ்கோ உலக மரபுரிமை எண்டு அறிவிச்ச மத்திய மலைநாட்டில அதுவும் ஒரு பங்கு. ரிவஸ்டன் மலை, பிட்டவல பத்தனைப் புல்வெளி, சேர எல்ல, பம்பரகிரி எல்ல எண்ட ரெண்டு நீர்வீழ்ச்சி, நாலும் ஒரே றோட்டுப் பக்கம்.

எப்ப போறது? தை கடைசியில இருந்து பங்குனி வரைக்கும். அந்தப் பக்கமும் எங்களைப் போல வடகீழ் மழை வாங்கிற பக்கம். கார்த்திகை மார்கழியில போனா மழை, புகார், அட்டை. தை முடியேக்க பாதை காஞ்சிருக்கும், நீர்வீழ்ச்சியில தண்ணியும் இருக்கும். ஆடி ஆவணியில ரிவஸ்டனில காத்து ஆளைத் தள்ளும், குடை கொண்டு போனா குடைக்கம்பிதான் திரும்பி வரும். மாசி மகத்தண்டு மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தேர். அம்மனைக் கும்பிடப் போறதெண்டா நல்ல நாள், ரிவஸ்டன் போறதெண்டா நெரிசலுக்க மாட்டுவியள். போயா ஒட்டி வாற நீண்ட வாரஇறுதி வேண்டவே வேண்டாம், அறை விலை ஏறிடும்.

2025 நவம்பரில டித்வா புயலுக்கு மலைநாட்டில எவ்வளவு இடம் சரிஞ்சது எண்டு பாத்தனாங்கள்தானே. அதால வெளிக்கிடுறதுக்கு முதல்நாள் தங்கிற வீட்டுக்காரருக்கு எடுத்து "றோட்டு திறந்திருக்கோ" எண்டு கேளுங்கோ. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுறது. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. மாத்தளை மாவட்டத்துக்கு மஞ்சள் விட்டாலே நான் திகதியை மாத்தச் சொல்லுவன். அறைக்கு முழுக்காசையும் முற்பணமாக் கட்டாதேங்கோ எண்டு ஒவ்வொரு வீடியோவிலயும் கத்துறது இதுக்குத்தான்.

இப்ப பஸ். வெள்ளி இரவு கண்டி பஸ். மாத்தளைக்கு ஏழு மணித்தியாலம் எண்டு கணக்கு வையுங்கோ. பின்னேரம் ஏழு மணிக்கு ஏறினா விடிய ரெண்டு மணிக்கு மாத்தளை றோட்டில ரெண்டு பேரும் பாக்கோட நிப்பியள். கடை இல்லை, ஓட்டோ இல்லை, நாய் மட்டும் நிக்கும். பத்து மணிக்குக் கிட்ட வெளிக்கிடுறதைப் பிடிச்சா விடியேக்க போய்ச் சேரலாம். பிந்தின பஸ் கிடைக்கேல்லையோ, மாத்தளையில இறங்காமக் கண்டி வரைக்கும் போய், பஸ் ஸ்ராண்டில தேத்தண்ணி குடிச்சு, விடியக்காத்தால பஸ்ஸில திரும்பி வாங்கோ. மாத்தளையில இறங்கிறதெண்டா கொண்டக்டரிட்ட ஏறேக்கயும் சொல்லி, தம்புள்ளையிலயும் ஒருக்கா சொல்லுங்கோ. மோட்டச்சைக்கிளில இரவில போற யோசினை எண்டா விடுங்கோ. கெக்கிறாவை, தம்புள்ளைப் பக்கம் றோட்டுக்கு யானை வரும்.

சரி, இப்ப ஓட்டோ. "பொறுங்கோ, இந்த வீடியோவிலயும் ஓட்டோவோ" எண்டு சிரிக்கிறது கேக்குது. ஓம், திரும்பவும் ஓட்டோதான். இந்தப் பயணத்தில காசு ஓடுற ஓட்டை இது ஒண்டுதான். மாத்தளை ஸ்ராண்டில நிண்டு "ரிவஸ்டன் போக எவ்வளவு" எண்டு கேட்டா நீங்கள் முடிஞ்சியள். ரிவஸ்டன் மாத்தளையில இருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர், சேர எல்ல இன்னும் அங்கால. அவர் ரிவஸ்டனுக்கு ஒரு விலை சொல்லுவார், மேல போனாப் பிறகு பத்தனைக்கு ஒரு விலை, சேர எல்லவுக்கு இன்னொரு விலை. மலைக்கு மேல நிண்டு என்னண்டு பேரம் பேசுறது?

அதால இப்பிடிச் செய்யுங்கோ. மாத்தளையில இருந்து இரத்தோட்டைக்குப் பஸ்ஸில போங்கோ, பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். ஓட்டோவை இரத்தோட்டையில பிடியுங்கோ. ஏறுறதுக்கு முதல் நாலு இடத்தையும் கொப்பியில எழுதிக் காட்டுங்கோ: ரிவஸ்டன் தொலைத்தொடர்புக் கோபுரச் சந்தி, பிட்டவல பத்தனை, சேர எல்ல, கடைசியா இலுக்கும்புரவில தங்கிற வீடு. "ஒக்கோம கீயத?" எண்டு கேளுங்கோ, எல்லாம் சேர்த்து எவ்வளவு எண்டு அர்த்தம். அதுக்குள்ள நிக்கிற காசும் சேர்த்தி எண்டு சொல்லி வாங்குங்கோ. கோபுரத்தில ரெண்டு மணித்தியாலம், பத்தனையில ஒண்டரை, சேர எல்லவில ரெண்டு, மொத்தம் ஐஞ்சரை மணித்தியாலம் அந்த மனிசன் சும்மா நிக்கிறார். இறக்கிப்போட்டு வெறுமையாத் திரும்பவும் வேணும். போய் வர 70 கிலோமீற்றர் எண்டு வையுங்கோ. ஏத்தத்தில லீற்றருக்கு 20 ஓடினாலே பெரிய காரியம், மூண்டரை லீற்றர். அண்டைய பெற்றோல் விலையால பெருக்கிப் பாருங்கோ, அது போக மிச்சம் அவற்ற நாட்கூலி. 7,500 குடுக்கலாம். அதுக்கு மேல கேட்டா அடுத்த ஓட்டோ. அதுக்குக் கீழ அடிச்சுப் பேசாதேங்கோ, அவர் பிறகு சேர எல்லவில நிண்டு ஹோர்ண் அடிச்சுக்கொண்டே இருப்பார், உங்கட காதல் குளியல் நாசம்.

லக்கலை, பல்லேகம பக்கம் போற பஸ்ஸும் இந்த றோட்டால போகுது. ஆனா கொஞ்சம்தான். ஒண்டை விட்டா அரை நாள் போச்சு.

சனி காலமை முதல்ல ரிவஸ்டன் கோபுரம். பெரிய றோட்டில இருந்து கோபுரத்துக்கு ஏறுற றோட்டு, காட்டுப் பாதை இல்லை, வழி தவறாது. காலமையே ஏற வேணும், மத்தியானத்துக்குப் பிறகு புகார் மூடினா எதிர நிக்கிற ஆளின்ர முகமே மங்கலாத்தான் தெரியும். சிலருக்கு அதுதான் வேணும் எண்டா நான் என்ன செய்ய. மெதுவா நடக்கிற ஆளை முன்னுக்கு விடுங்கோ. வேகமான ஆள் முன்னுக்குப் போய் நிண்டு நிண்டு பாத்தா, பின்னால வாறவர் வந்து சேரேக்க இவர் திரும்ப வெளிக்கிடுவார். பின்னால வாறவருக்கு ஓய்வே இல்லை. சோடிகள் மலையில கோவிக்கிறது பெரும்பாலும் இந்த இடத்திலதான்.

பிறகு பத்தனை. புல்வெளிக்குள்ளால ஒரு கிலோமீற்றருக்குள்ள நடந்தா குட்டி உலக முடிவு எண்டு சொல்லுற விளிம்பு. அனுமதிச் சீட்டு எடுக்க வேணும், சில்லறையாக் காசு வைச்சிருங்கோ. விளிம்பில சரளைக்கல்லு, கால் வழுக்கும். செல்பி எடுக்கேக்க பின்னுக்கு நகராதேங்கோ, போன் பிடிக்கிற ஆள்தான் நகர வேணும்.

சேர எல்ல உயரம் பத்து மீற்றர் போலதான். ஆனா விழுற தண்ணிக்குப் பின்னால ஒரு குகை, உள்ளுக்க நிண்டு தண்ணித் திரைக்கால வெளிய பாக்கலாம். ரெண்டு பேருக்கு இதைவிட என்ன அலங்காரம் வேணும்? மழைத் தண்ணி கூடின நாளில குகைக்குப் போகக்கூடாது. எங்கட ஆக்கள் கீரிமலைக் கேணியிலயும் கடலிலயும் நீந்தின துணிவில நேர விழுகிற இடத்துக்குக் கீழ போவினம். அங்க தண்ணிக்குள்ள நுரை கூட, நுரைத்தண்ணி ஆளைத் தூக்காது. கரைப்பக்கம் இடுப்பளவு காணும். தண்ணி திடீரெண்டு கலங்கினாலோ, இலை குப்பை கூட வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ சாமானை விட்டிட்டு மேல ஏறுங்கோ. உங்களுக்கு மேல வெயில் எறிச்சாலும் மலைக்கு மேல மழை பெய்திருக்கும். வழுக்கையாறு மாரியில மெல்ல மெல்ல ஏறுற மாதிரி இல்லை இது.

ஐயோ, அட்டையைச் சொல்லாமப் போறன்! யாழ்ப்பாணத்தில இல்லாத சாமான், அதால எங்கட ஆக்கள் குழறுவினம். நீளச் சொக்ஸுக்குள்ள காற்சட்டையைச் செருகி, சொக்ஸுக்கு மேல சவர்க்காரம் தேயுங்கோ, இல்லாட்டி சித்தாலேபத் தைலம். நனைஞ்சாக் கழுவுப்படும், திரும்பப் பூச வேணும். கடிச்சா நெருப்பும் வேண்டாம், உப்பும் வேண்டாம். அது வயித்தில உள்ளதைக் காயத்துக்க கக்கிவிடும். நகத்தாலை வாய்ப்பக்கத்தைச் சுரண்டித் தள்ளினாக் கழண்டிடும். ரத்தம் உறையாம இருக்க அது ஒண்டை விடுகிறதால கன நேரம் வடியும். பயப்பிடாம அமத்திப் பிடியுங்கோ.

சப்பாத்து புதுசு வாங்கினா போறதுக்கு முதல் ரெண்டு கிழமை போட்டு நடவுங்கோ. எங்கட ஊர் சமதரை, கோட்டையைச் சுத்தினா ஏத்தம் பழகாது. மூண்டு நாலு மாடிக் கட்டடம் ஒண்டில படி ஏறி இறங்குங்கோ, முக்கியமா இறங்குங்கோ. அடுத்தநாள் தொடை நோகிறது இறக்கத்தாலதான். கால் நகத்தையும் வெட்டிக்கொண்டு போங்கோ. இறக்கத்தில நகம் சப்பாத்து நுனியில இடிச்சுக் கறுக்கும்.

தங்கிற இடம், இலுக்கும்புரப் பக்கம் ஒரு சாதாரண வீட்டு அறை. 7,000 ஒதுக்கியிருக்கிறன். எடுத்துக் கேக்க வேண்டியது: உணு வத்துர தியெனவத, அதாவது சுடுதண்ணி இருக்கோ. போர்வை ரெண்டோ ஒண்டோ. இரவுச் சாப்பாடு அவையள் சமைப்பினமோ. அங்க இரவில கொத்துக் கடை தேடி ஓடேலாது, முதலே சொல்லிவைக்க வேணும். மச்சம் சாப்பிடாத ஆக்கள் முட்டையும் வேண்டாம் எண்டு தனியாச் சொல்லுங்கோ. ரெண்டு பேரும் அடையாள அட்டை கொண்டு போங்கோ, கலியாணம் கட்டின ஆக்களிட்டயும் கேப்பினம். காசு மாத்தளையிலயே எடுங்கோ.

சாப்பாடு கட்டிக்கொண்டு போறவை, தேங்காய்ப்பூப் போட்ட பிட்டு விடியேக்க புளிச்சிடும். பருத்தித்துறை வடை, பயத்தம் பணியாரம், எள்ளுருண்டை, இதுகள் ரெண்டு நாளும் தாங்கும். தண்ணி ஆளுக்கு ஒண்டரை லீற்றர். சொப்பின் பை எதையும் மேல விட்டிட்டு வராதேங்கோ.

கணக்கு: பஸ் போக வர ரெண்டு பேருக்கும் 6,000. ஓட்டோ சனி 7,500, ஞாயிறு 5,500. அறை 7,000. இரவுச் சாப்பாடும் காலமைச் சாப்பாடும் 3,000. அனுமதிச் சீட்டு, மத்தியானச் சாப்பாடு, தேத்தண்ணி 3,500. கைக்காவல் 2,500. மொத்தம் 35,000. இதுகள் கடை விலை இல்லை, நான் ஒதுக்கிற அளவு. கைக்காவலைத் தொடாம வந்தா அதுதான் பலூன் காசு.

ஞாயிறு காலமை அதே ஓட்டோக்காரரை ஏழரைக்கு வரச் சொல்லுங்கோ. வாற வழியில பம்பரகிரி எல்ல. தொங்கு பாலம் இருக்கு, குளிக்கிற ஆக்கள் கன பேர், அதால கெதியாப் போக வேணும். அங்கயும் ஆழப் பக்கம் போகாதேங்கோ.

பிறகு திரும்புற பஸ். இதை முதலே சொல்லியிருக்க வேணும். கண்டியில இருந்து வாற யாழ்ப்பாண பஸ் ஞாயிறு மாத்தளைக்கு வரேக்க நிரம்பித்தான் வரும். ஏறினா வவுனியா வரைக்கும் நிண்டுகொண்டு வர வேண்டியதுதான், மலை ஏறின காலோட. அதால கண்டியில இருந்து சீற் புக் பண்ணி, ஏறுற இடம் மாத்தளை எண்டு போன் பண்ணிச் சொல்லுங்கோ. புக் பண்ணக் கிடைக்காட்டி 25 கிலோமீற்றர் பின்னுக்குக் கண்டிக்கே போய் ஏறுங்கோ. ஒரு மணித்தியாலம் கூடப் போகும், ஆனா ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்தில இருந்து நித்திரை கொண்டு வரலாம். ஜன்னல் சீற் ஆருக்கு எண்டதை ஏற முதலே பேசி முடியுங்கோ. ரோச் லைற்றும் எழுதிக்கொள்ளுங்கோ, கொப்பியில இருந்தும் வாசிக்க மறந்திட்டன்.